நெல்லைச் சின்னங்களின் பட்டியலில் அணைக்கட்டுகள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலிக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டிய இடங்கள் என்று எந்தப் பட்டியல் வந்தாலும் நெல்லையப்பர் கோயில், சுலோசன முதலியார் பாலம், கிருஷ்ணாபுரம் சிற்பங்கள், பாபநாசம், மணிமுத்தாறு அருவி என்று வரிசை மாறாமல் வருகிறது. அதில் தப்பில்லை. ஆனால் நெல்லுக்கு வேலி கட்டியதாகப் பெயர் வைத்துக்கொண்ட ஊரில், அந்த நெல்லுக்குத் தண்ணீர் கொடுத்த கட்டுமானங்களுக்குப் பட்டியலில் இடமே கிடைப்பதில்லை. தாமிரபரணியின் குறுக்கே இருக்கும் எட்டு அணைக்கட்டுகளைத்தான் சொல்கிறோம்.

மேலிருந்து கீழாக அவற்றின் பெயர்கள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் ஆங்கிலேயர் வருகைக்கு முந்தியவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் 1870-களில் கட்டி முடிந்தது. இந்த எட்டிலிருந்து பதினொரு கால்வாய்கள் பிரிகின்றன. அரியநாயகிபுரத்தில் கோடகன் கால்வாய், பழவூரில் பாளையங்கால்வாய், சுத்தமல்லியில் நெல்லைக் கால்வாய், மருதூரில் மேலக்காலும் கீழக்காலும், ஸ்ரீவைகுண்டத்தில் வடகாலும் தென்காலும். நேரடியாகவும் குளங்கள் வழியாகவும் பாயும் நிலம் சுமார் 86 ஆயிரம் ஏக்கர். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் வரை ஆறு ஓடுவது 130 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவுதான். இவ்வளவு சிறிய ஆறு இத்தனை நிலத்துக்கு இரண்டு போகம் கொடுத்ததற்கு இரண்டு பருவமழை ஒரு காரணம், இந்த எட்டுச் சுவர்கள் இன்னொரு காரணம்.

அணையையும் அணைக்கட்டையும் ஒன்றாக்கிப் பேசுவது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. 1942-இல் முடிந்த பாபநாசம் அணை 143 அடி, 1950-களில் வந்த மணிமுத்தாறு 118 அடி. இவை தண்ணீரைத் தேக்குபவை. அணைக்கட்டு தேக்குவதில்லை. ஆற்றின் மட்டத்தைச் சில அடி உயர்த்தி, ஓரத்தில் கால்வாய் தொடங்கும் இடத்து மதகான தலைமதகுக்குள் திருப்பிவிட்டு, மிச்சத்தைத் தலைக்கு மேல் வழியவிடுவதுதான் அதன் வேலை. நாளிதழ்கள் தினமும் அணைகளின் நீர்மட்டத்தைப் போடுகின்றன. மருதூரைத் தாண்டி எத்தனை கன அடி போகிறது என்பதையும் போட்டால் கடைமடைக்காரர்கள் முதல் பக்கத்துக்கு முன்னால் அதைத்தான் படிப்பார்கள்.

பழைய அணைக்கட்டுகள் ஆற்றுக்கு நேர்குறுக்கே நிற்பதில்லை. பாறை தென்பட்ட இடத்தைத் தொட்டுத் தொட்டுச் சாய்வாகவும் வளைவாகவும் போகும். அளவு தெரியாதவர்கள் கட்டியது என்று நினைத்துவிடக் கூடாது. சுவர் சாய்ந்து போனால் அதன் நீளம் கூடும். நீளம் கூடினால் அதே வெள்ளம் மெல்லிய படலமாக வழியும், விழுகிற இடத்தில் பள்ளம் பறிக்கும் வேகம் குறையும். சாய்வின் முனை மதகுப் பக்கம் இருப்பதால், கோடையில் ஒழுகுகிற கொஞ்சத் தண்ணீரும் தானாக மதகு வாய்க்கு வந்து சேரும். கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. பசு நடந்த வழியில் கால்வாய் வெட்டினார்கள், அது படுத்த இடத்தில் குளம் தோண்டினார்கள் என்பார்கள். கதை எப்படியோ போகட்டும், அதற்குள் ஒரு மட்டக்கணக்கு ஒளிந்திருக்கிறது. மேய்ச்சல் மாடு வீணாக மேடு ஏறாது, பள்ளம் இறங்காது, ஒரே மட்டத்தை ஒட்டி நடக்கும். கால்வாய்க்கு வேண்டியதும் அதே வழிதான்.

இந்த ஆற்றங்கரையின் வரலாற்றை எழுதியதில் வண்டலுக்குப் பெரும் பங்கு உண்டு. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே வாழைத்தோட்டங்களுக்கு நடுவே கிடக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் முகத்துவாரத்தைத் தூர்க்கத் தூர்க்கத் துறைமுகம் பழையகாயலுக்கும், பிறகு புன்னைக்காயலுக்கும் நகர்ந்தது. ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியரான ஜாகோரும், 1899-இலிருந்து 1905 வரை அலெக்சாண்டர் ரீயும் தோண்டி எடுத்த முதுமக்கள் தாழிகள் இதே ஆற்றின் கரையோர மேடான பரம்பில் புதைந்தவை. சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். மூவாயிரம் ஆண்டுக்கும் மேலாக நெல் விளைந்த கரை இது. அன்று துறைமுகத்தை மூடிய அதே வண்டல் இன்று அணைக்கட்டுகளின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அதை வெளியேற்ற வழி ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது. தலைமதகுக்குப் பக்கத்தில், அதைவிடத் தாழ்ந்த மட்டத்தில், மணல்போக்கி என்று கண்கள், அதாவது மணலை வெளியேற்றும் திறப்புகள், இருக்கும். ஆற்றில் வெள்ளம் ஏறத் தொடங்கும் முதல் சில மணி நேரம் தலைமதகை அடைத்துவிட்டு மணல்போக்கியை முழுதாகத் திறக்க வேண்டும். அந்த வேகம் மதகு முன்னால் சேர்ந்த மணலை வழித்துக்கொண்டு போய்விடும். நடைமுறையில் இது தலைகீழாகிவிடுகிறது. வெள்ளத்தில் யாரும் அருகே போவதில்லை, வடிந்த பிறகு மெதுவாகத் திறக்கிறார்கள், அப்போது தண்ணீருக்கு மணலை நகர்த்தும் வலு இருப்பதில்லை. இரண்டு மூன்று ஆண்டு திறக்காமல் விட்டால் மணலோடு களியும் சேர்ந்து இறுகி, ஷட்டரைத் தூக்கவே முடியாது. அப்போது திருகுத் தண்டில் கம்பியை நுழைத்து நாலு பேர் சேர்ந்து திருகுவார்கள், தண்டு வளைந்துவிடும். பிறகு அந்தக் கண் நிரந்தரமாக அடைபட்டதுதான். இதைத் தடுக்க ஆகும் செலவு ஒரு டப்பா கிரீஸ்: ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூனில் தொடங்கும் கார் பருவத்துக்கு முன்னும் மார்ச்சில் முடியும் பிசானப் பருவத்துக்கு முன்னும், தண்டில் தடவி ஷட்டரை மேலும் கீழும் ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்த்தால் போதும்.

அணைக்கட்டின் கீழ்ப்பக்கத்தில் பிரச்சினை வேறு. வழிந்து விழும் தண்ணீர் அடித்தளத்துக்கு முன்னால் பள்ளம் பறித்துக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் பெருங்கல் அடுக்கியிருப்பார்கள். கீழே ஆற்றில் மணல் அள்ளினால் படுகை தாழும், தண்ணீர் விழும் உயரம் கூடும், கல்லடுக்கு ஒவ்வொன்றாக உருண்டு போகும், கடைசியில் சுவரின் காலே வெளியே தெரியும். 2010-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தபோது பலர் அதைக் குடிநீர்ப் பிரச்சினையாக மட்டும் பார்த்தார்கள். அணைக்கட்டுகளின் கால் தப்பித்ததும் அதனால்தான்.

இனி கால்வாய்கள். பாபநாசத்திலிருந்து கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பது ஜூன் 1; பிசானத் தண்ணீர் மார்ச் இறுதியோடு நிற்கும். ஆக, கால்வாய் காய்ந்து கிடப்பது ஏப்ரலும் மே மாதமும் மட்டுமே. தூர்வாரும் வேலை இந்த அறுபது நாளுக்குள் முடிய வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோடையில் கோரி, வேலை மே இரண்டாம் வாரம் தொடங்கினால் நடப்பது என்ன? இயந்திரம் கரையில் நின்றபடி கை எட்டுகிற தூரம்வரை வண்டலை எடுத்து அதே கரையில் கொட்டும். நடுவில் உள்ளது அப்படியே இருக்கும். கொட்டியது முதல் மழையில் மறுபடி உள்ளே சரியும். அளவுப் புத்தகத்தில் மட்டும் வேலை முடிந்திருக்கும்.

இதைச் சரிபார்க்க விவசாயிகளுக்குத் தெரிந்த கணக்கே போதும். அடி அகலம் 6 மீட்டர் உள்ள கால்வாயில் அரை மீட்டர் வண்டல் இருந்தால், ஒரு கிலோமீட்டருக்கு 3,000 கன மீட்டர். நூறு கன அடி கொண்ட யூனிட்டில் சொன்னால் ஏறத்தாழ 1,060. வெட்டிய மண் உதிர்ந்து கால் பங்கு கூடும் என்று வைத்துக்கொண்டால், மூன்று யூனிட் டிப்பரில் சுமார் 440 நடை. ஒரு கிலோமீட்டருக்கு 440 நடை மண் வெளியே போனதா, எங்கே போனது என்று கேளுங்கள். பாளையங்கால்வாய் நாற்பது கிலோமீட்டர் போல நீளும். நகரத்தைத் தாண்டும் இடங்களில் அதில் இருப்பது வண்டல் மட்டுமல்ல, பிளாஸ்டிக், கட்டட இடிபாடு, சாக்கடைக் கசடு எல்லாம் கலந்தது. அதை வயலில் கொட்ட முடியாது. குளத்து வண்டலை வாங்க வரிசையில் நிற்கிற விவசாயி இந்தக் கசடைத் தொட மாட்டார். எனவே நகரப் பகுதிக்குத் தனியாக, கசடு கொட்டும் இடத்தையும் குறிப்பிட்டு, வேறு ஒப்பந்தம் போடுவதே முறை.

அதிகம் தூர்வாருவதும் கெடுதல். கால்வாயின் பழைய அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிவிட்டால் தண்ணீர் மட்டம் இறங்கும். பக்கவாட்டு மடைகள் மேலே தொங்கும். பிறகு மணல் மூட்டை அடுக்கி மட்டத்தை ஏற்றுவார்கள், அந்த மூட்டைக்குப் பின்னால் அடுத்த ஆண்டே வண்டல் சேரும். அடிமட்டத்தைக் காட்டும் கல் குறைந்தது அரை கிலோமீட்டருக்கு ஒன்று நட்டுவிட்டுத்தான் இயந்திரம் இறங்க வேண்டும். அமலைச் செடிக்கும், அதாவது ஆகாயத்தாமரைக்கும், ஒரு வார்த்தை. அதை அறுத்துத் தண்ணீரிலேயே விட்டால் கீழே உள்ள பாலத்துக் கண்ணில் போய் அடைக்கும். கரையேற்றி, ஒரு வாரமாவது காயவிட்டு, பிறகு அப்புறப்படுத்த வேண்டும். கரையோரம் ஈரத்திலேயே போட்டால் ஒரு துண்டிலிருந்து மறுபடி படரும். அது இவ்வளவு செழிக்கக் காரணம் சாக்கடைச் சத்து. அதை நிறுத்தாதவரை செடியை அள்ளும் வேலை ஆண்டுதோறும் வரும்.

மருதூர், ஸ்ரீவைகுண்டம் கால்வாய்களில் இன்னொரு சிக்கல். அணையில் இருப்பு இருந்தால் தூத்துக்குடி மாவட்டப் பாசனத்துக்கு ஏப்ரலிலேயே முன்கார் தண்ணீர் திறப்பார்கள். அந்த ஆண்டு தூர்வார நாளே கிடைக்காது. வடகாலில் ஓர் ஆண்டு, தென்காலில் மறு ஆண்டு என்று முன்கூட்டியே அறிவித்து, விவசாயிகளைக் கலந்து, ஒரு கால்வாயை மட்டும் அடைத்து வேலை பார்ப்பதுதான் வழி. கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஆறேழு ஆண்டுகள் இரண்டையும் தொடாமல் விட்டால் இழப்பு அதைவிடப் பெரிது.

ஸ்ரீவைகுண்டத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதன் மேல்பக்கத் தேக்கத்தில் மணலும் கருவேலமும் மண்டி, 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்த்தான் தூர்வாரும் வேலையே தொடங்கியது. 2023 நவம்பரில் விசாகப்பட்டினத்தில் கூடிய சர்வதேசப் பாசன வடிகால் ஆணையம் இந்த அணைக்கட்டை உலகப் பாரம்பரியப் பாசனக் கட்டமைப்புகளில் ஒன்றாக அறிவித்தது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அடுத்த மாதமே, டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் வட்டாரம் துண்டிக்கப்பட்டது, தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப்போய் ரயிலில் நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். அத்தனை தண்ணீரும் ஆற்றிலிருந்து மட்டும் வந்ததல்ல, உடைந்த குளங்களிலிருந்தும் வந்தது. குளத்தின் மிகைநீர் வழிந்து போகும் கலுங்கு அடைபட்டால் தண்ணீர் கரையின் மேல் ஏறும், ஏறினால் மண்கரை தாங்காது. கலுங்குக்கு வெளியே தண்ணீர் ஆற்றில் சேரும் ஓடை ஆக்கிரமிப்பு இல்லாமல் இருப்பது, குளத்தை ஆழப்படுத்துவதைவிட அவசரமான வேலை.

கன்னடியன் கால்வாயிலிருந்து பிரிந்து கருமேனியாறு, நம்பியாறு நோக்கிப் போகும் சுமார் 75 கிலோமீட்டர் வெள்ளநீர்க் கால்வாயும் இதே பழைய அணைக்கட்டை நம்பித்தான் இருக்கிறது. கன்னடியன் மதகு முன் மணல் மேடிட்டால் சாத்தான்குளத்துச் செம்மணல் தேரிக்குத் தண்ணீர் போகாது. கோடி கோடியாகச் செலவிட்ட புதுக் கால்வாய்க்குப் பழைய மணல்போக்கிதான் வாசல் என்பதை யாராவது எழுதி வைக்க வேண்டும்.

சின்னங்களைப் பழுது பார்க்கும் முறைக்கு வருவோம். 1843-இல் திறந்த சுலோசன முதலியார் பாலம், கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்தவர் தம் கைப்பணத்தில் கட்டியது. பதினொரு வளைவுகளும் சுண்ணாம்புச் சாந்தால் கட்டியவை. அணைக்கட்டுகளின் பழைய சுவர்களும் அப்படியே. இவற்றின் விரிசலில் சிமென்ட் பூசுவதுதான் வழக்கமாக நடக்கும் பெரிய தவறு. சிமென்ட் இறுகியது, ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தங்கிய ஈரம் பக்கத்துச் சுண்ணாம்பைக் கரைக்கும், அல்லது கல்லின் முகத்தைப் பெயர்க்கும். மூன்று ஆண்டில் சிமென்ட் பொறுக்காக விழும்போது பழைய சாந்தையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு விழும்.

சரியான வேலை மெதுவானது. கல் மூட்டைக் கையுளியால் சுரண்டி, மூட்டின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு, குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர், சுத்தம் செய்ய வேண்டும். இயந்திர உளி கூடாது, கல் அதிரும். தண்ணீர் விட்டுக் கழுவி, கல்லை நனைத்து வைக்க வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு குறைந்தது இரண்டு மூன்று வாரம் தண்ணீருக்கடியில் ஊறியிருக்க வேண்டும். அதில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல். எப்போதும் ஈரம் படும் இடத்தில் வெறும் சுண்ணாம்பு இறுகாது என்பதால் மணலில் ஒரு பகுதிக்குப் பதில் செங்கல் தூளான சுர்க்கி சேர்க்க வேண்டும். அடைத்த பிறகு நனைத்த சாக்கைத் தொங்கவிட்டுப் பத்துப் பதினான்கு நாள் ஈரம் காக்க வேண்டும். நெல்லை மே மாத வெயிலில் சாக்கு போடாமல் விட்டால் சாந்து இரண்டே நாளில் மாவாக உதிரும். வேலை ஆளுக்குக் கோபம் வரும்தான், ஆனால் இதற்குக் குறுக்குவழி கிடையாது.

மூட்டில் முளைத்த அரசும் ஆலும் அடுத்த எதிரி. வெள்ளை அடிக்க வருகிறவர்கள் செடியைப் பிடித்து இழுப்பார்கள், வேரோடு கல்லும் நகரும். அறுத்துவிட்டு வெட்டுவாயில் உடனே களைக்கொல்லியைத் தூரிகையால் தடவ வேண்டும். ஆற்றுக்கு மேலே தெளிக்கக் கூடாது. வேர் காய்ந்த பிறகுதான் மூட்டைத் திறந்து சாந்து அடைக்க வேண்டும். விரல் தடிமன் இருக்கும்போது செய்தால் அரை மணி நேர வேலை. மணிக்கட்டுத் தடிமன் ஆகிவிட்டால் சுவரைப் பிரித்துக் கட்ட வேண்டிவரும்.

வெள்ளத்தோடு வாழக் கற்ற கட்டடத்துக்குக் குறுக்குத்துறை முருகன் கோயிலே பாடம். ஆற்றுக்குள் நிற்கும் கோயில் அது. தண்ணீர் வரும் பக்கம் படகின் முனைபோல் கூராக இருப்பதால் வெள்ளம் மோதாமல் பிரிந்து போகிறது. தண்ணீர் ஏறும் அறிகுறி தெரிந்ததும் உற்சவரையும் பொருட்களையும் கரையில் உள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு மறுபடி பூசை. 1992 நவம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் அது பார்த்திருக்கிறது. இரண்டு வெள்ளமும் எந்த உயரம் வந்தன என்பதைக் கோயில் அருகிலும், சுலோசன முதலியார் பாலத்தின் தூணிலும், எட்டு அணைக்கட்டுகளின் மதகுச் சுவரிலும் கல்லில் வெட்டிக் குறிக்க வேண்டும். பெயின்டில் வேண்டாம், அடுத்த வெள்ளமே அதைக் கழுவிவிடும்.

கடைசியாக எங்கள் கோரிக்கைகள். சுற்றுலாத் துறைப் பட்டியலில் எட்டு அணைக்கட்டுகளையும் சேர்த்து, ஒவ்வொன்றிலும் அதன் பெயர், கால்வாய்கள், பாயும் ஏக்கர், சுவரின் மேல்மட்டம், மதகின் அடிமட்டம், மணல்போக்கியைக் கடைசியாகத் திறந்த தேதி ஆகியவற்றைத் தமிழில் எழுதிய கல்பலகை வைக்க வேண்டும். கடைசி விவரத்துக்கு மட்டும் மாற்றி எழுதத் தோதாக ஒரு கரும்பலகை போதும். தூர்வாரும் ஒப்பந்தப்புள்ளிகளைப் பிப்ரவரிக்குள் முடித்து, ஏப்ரல் முதல் வாரம் இயந்திரம் கால்வாய்க்குள் இறங்க வேண்டும். எடுக்கும் மண்ணின் நடைக்கணக்கை அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் தினமும் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
தாமிரபரணிப் பாசன வாசகர்கள்,
பாளையங்கோட்டை.